வெட்டிவேர்த் தட்டி

வெட்டிவேர்த் தட்டி என்பது வெட்டிவேரை மூங்கில் சட்டத்தில் பரப்பிக் கட்டி, கோடையில் சன்னலிலும் வாசலிலும் தொங்கவிடும் திரை. மூங்கில் தட்டி, கோரைப்பாய்த் திரை ஆகியவற்றைப் போல வெயிலை மறைப்பதோடு, நீர் தெளித்தால் அறையைக் குளிர்விக்கவும் செய்யும். வேரைத் தரும் தாவரம் புல் குடும்பத்தைச் சேர்ந்த கிரைசோபோகன் சிசனியாய்டிஸ். இதன் வேர்கள் செங்குத்தாக 3 மீட்டருக்கு மேலும் இறங்கக்கூடியவை. கடலூர் மாவட்டக் கடலோர மணற்பகுதிகளில் இது பயிராகிறது.

நனைந்த வேர்களின் ஊடே வெப்பக்காற்று நுழையும்போது நீர் ஆவியாகி, காற்றின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. வேரின் மணமும் உடன் பரவுகிறது. காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு குளிர்ச்சி. எனவே உள்நாட்டு மாவட்டங்களில் நன்கு பயன்தரும் தட்டி, ஈரப்பதம் மிகுந்த சென்னையில் பெரும்பாலும் மணத்திற்காகவே தொங்குகிறது எனலாம். காற்று வரும் பக்கத்துச் சன்னலே இதற்கு ஏற்றது. எதிர்ப்புறம் காற்று வெளியேற வழி வேண்டும். நாள்முழுதும் ஈரமாகவே இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் அவ்வப்போது வெயிலில் உலர்த்துவர். மணம் குன்றியதும் மாற்றுவர்.

அக்பர் காலத்தில் வெட்டிவேரால் அமைத்த குளிர் அறைகளை அபுல் ஃபசலின் 'அயினி அக்பரி' குறிப்பிடுகிறது. ஆங்கிலேயர் பங்களாக்களில் தட்டிக்கு நீர் ஊற்றவே தனிப் பணியாளர் இருந்தனர். வெட்டிவேர் என்ற தமிழ்ச்சொல்லே 'வெட்டிவர்' என ஆங்கிலம், பிரெஞ்சு மொழிகளில் வழங்குகிறது.