இண்டி

'இண்டிபென்டன்ட்' என்பதன் செல்லச் சுருக்கம். மெட்டையோ தாளத்தையோ குறித்துப் பிறந்த சொல் அல்ல; இசைத்தட்டு யார் கைவழியே கடைக்கு வந்தது என்பதைச் சொன்னது. 1980இல் பிரிட்டனில் தொடங்கிய இண்டி விற்பனைப் பட்டியலில் ஏற, பெரிய நிறுவனங்களின் விநியோகம் இல்லாமல் விற்றிருந்தால் போதும். பாட்டு எப்படியும் இருக்கலாம். 1986இல் என்எம்இ வார இதழ் 22 குழுக்களின் பாடல்களை 'சி86' என்ற கேசட்டாக வெளியிட்டது. அதன்பின் கலகலக்கும் கிடாரும் கூச்சக் குரலுமே பலருக்கு இண்டி.

கிளாஸ்கோவின் பெல் அண்ட் செபாஸ்டியன் குழுவுக்கு இரு பொருளும் பொருந்தும். 1996இல் அவர்களின் 'டைகர்மில்க்' ஆல்பம், ஒரு கல்லூரி இசைப் படிப்பின் பகுதியாக, 1,000 தட்டுகளாக மட்டுமே வந்தது. அதே ஆண்டின் அடுத்த ஆல்பத்தை விமர்சகர்கள் கொண்டாடினார்கள். காதோரம் பேசுவது போன்ற அதன் பாடல்களுக்கு அந்தப் புகழ் முழுக்கத் தகும்.