பேடிங்டன் ரயில்வே போர் நினைவுச்சின்னம்

லண்டன் பேடிங்டன் ரயில் நிலையத்தின் முதலாம் நடைமேடையில், முதல் உலகப் போரில் இறந்த கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே ஊழியர்கள் 2,524 பேருக்காக எழுப்பப்பட்ட நினைவுச்சின்னம். அந்நிறுவனத்தின் தலைவர் வைகவுண்ட் சர்ச்சில் 1922 நவம்பர் 11 அன்று இதைத் திறந்துவைத்தார். இரண்டாம் உலகப் போரில் இறந்த ஊழியர்களும் பின்னர் இதில் நினைவுகூரப்பட்டனர்.

வெண்கலச் சிலையை வடித்த சார்லஸ் சார்ஜென்ட் ஜாகர், கலிப்பொலி போர்முனையில் காயமடைந்தவர். பீடத்தை வடிவமைத்தவர் தாமஸ் டெய்ட். போர்வீரன் இங்கே துப்பாக்கி ஏந்தவில்லை. மேலங்கியைத் தோளில் போட்டு, கழுத்தில் கம்பளித் துண்டு தொங்க, வீட்டிலிருந்து வந்த கடிதத்தைத் தலைகுனிந்து படிக்கிறான். வீரத்தைவிடப் பிரிவைச் சொல்லும் இவ்வடிவமே இதன் தனிச்சிறப்பு. இறந்தோர் பெயர்ப்பட்டியல் முத்திரையிட்ட பேழையில் சிலையின் அடியில் வைக்கப்பட்டுள்ளது.

ஆண்டுதோறும் நவம்பர் 11 அன்று ரயில்வே ஊழியர்களும் முன்னாள் படைவீரர்களும் பயணிகளும் இங்கு கூடுகின்றனர். காலை 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம் கடைப்பிடிக்கப்படுகிறது. மலர் வளையங்கள் வைக்கப்படுகின்றன. 2020இல் கொரோனா கட்டுப்பாடுகளால் மக்கள் கூட முடியாதபோது, வழித்தட நிலையங்களில் ஏற்றப்பட்ட வளையங்களை ரயில்களே பேடிங்டனுக்குக் கொண்டுவந்தன. அவ்வழக்கம் பிந்தைய ஆண்டுகளிலும் தொடர்ந்தது.