கல்மரமும் நோக்கியாவும்

திருவக்கரை கல்மரப் பூங்கா. சுமார் இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள். நண்பன் தன் பழைய நோக்கியாவைக் காட்டி, "இதுவும் கல்லுதான் மச்சி" என்றான். பேட்டரியைக் கழற்றினால், 'மேட் இன் இந்தியா'.

அதாவது ஸ்ரீபெரும்புதூர். 2006இல் திறந்த ஆலை. ஆயிரக்கணக்கானோர், அதில் இளம்பெண்கள் நிறைய. 2013இல் வருமான வரித்துறை பிடித்துக்கொண்டது: போனில் ஏற்றும் மென்பொருளுக்காகப் பின்லாந்துக்கு அனுப்பிய பணத்துக்கு வரி பிடிக்கவில்லையாம். சொத்தெல்லாம் முடக்கம். 2014 ஏப்ரலில் போன் வியாபாரத்தை வாங்கிய மைக்ரோசாஃப்ட் இந்த ஆலையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பிறகு ஆர்டரையும் நிறுத்தியது. நவம்பர் 1இல் உற்பத்தி நின்றது.

உடையாத போன் என்று இன்னமும் மீம் போடுகிறோம். (நானும் போட்டிருக்கிறேன்.) போனைப் பூட்டியவர்களுக்குக் கிடைத்தது எட்டு வருஷம். கோட் எழுதிச் சம்பளம் வாங்குகிற எனக்கு அந்த மென்பொருள் கணக்குதான் உறுத்துகிறது.

நண்பன் பேட்டரியைத் திரும்ப மாட்டினான். ஆன் ஆகிவிட்டது.