இருபத்திமூன்றாம் பிரிவில் இல்லாத ஒரு சொல்

இந்த வருஷம் ஆடித்தபசுக்கு அக்கா குடும்பத்தோடு சங்கரன்கோவில் வந்திருந்தாள். அவள் மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம், என்.சி.சி.யில் இருக்கிறாள். தபசுக் காட்சி பார்த்துவிட்டு, கூட்டத்தில் நசுங்கி வீடு வந்து சேர்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்போது கேட்டாள்: "மாமா, பெரிய போர் ஒண்ணு வந்தா பொம்பளப் பிள்ளைகளையும் கட்டாயமாப் பட்டாளத்துக்கு இழுப்பாகளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அக்கா குரல் வந்தது. "அதெல்லாம் கல்யாணத்தப் பண்ணி வச்சிட்டா ஆரு வந்து இழுக்கப் போறா?"

எல்லாரும் சிரித்தோம். ஆனால் அக்கா சொன்னது வெறும் வேடிக்கை இல்லை என்பது அப்புறம் படிக்க உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அந்த வாசகத்துக்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது.

மருமகளுக்கான சின்ன பதில்: இப்போதைக்கு இல்லை. இந்தியாவில் கட்டாய ராணுவ சேவை கிடையாது, அதற்கான பெயர்ப் பதிவும் கிடையாது. அமெரிக்காவில் 18 வயதான பையன் பெயரைப் பதிந்தாக வேண்டும் என்பது மாதிரி நம்மிடம் எதுவும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் 25 லட்சம் பேர் இந்திய ராணுவத்தில் இருந்தார்கள், அவர்கள் அத்தனை பேரும் தாமாகச் சேர்ந்தவர்கள் என்றுதான் கணக்கு. 1940-ல் வந்த கட்டாயச் சேவைச் சட்டம் இங்கே இருந்த ஐரோப்பிய பிரிட்டிஷ் ஆண்களுக்கு மட்டும். (வயிற்றுப்பாட்டுக்குச் சேர்ந்தவனைத் தாமாகச் சேர்ந்தவன் என்று சொல்லலாமா என்பது தனிக் கேள்வி. கொஞ்ச நேரத்தில் அதற்கு வருகிறேன்.)

ஆனால் வழி அடைபட்டிருக்கிறதா என்றால், இல்லை. நம் அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு மனித வியாபாரத்தையும் வெட்டிவேலையையும் தடை செய்கிறது. அதன் இரண்டாம் உட்பிரிவு ஒரு விலக்கு தருகிறது: பொதுக் காரியத்துக்காக அரசு கட்டாயச் சேவை விதிக்கலாம். விதிக்கும்போது மதம், இனம், சாதி, வகுப்பு ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்து ஆளுக்கு ஆள் பாகுபாடு காட்டக்கூடாது.

பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். மதம், இனம், சாதி, வகுப்பு. எட்டு பிரிவு முன்னால் போய் 15-ஆம் பிரிவைப் பார்த்தால் அங்கே மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் என்று இருக்கிறது. 16-லும் பால் உண்டு. 23-ல் மட்டும் அந்தச் சொல் இல்லை. அதாவது நாளைக்கே அரசு ஒரு சட்டம் கொண்டுவந்து 'ஆண்கள் மட்டும் வாருங்கள்' என்றால் இந்த உட்பிரிவு குறுக்கே நிற்காது. 'பெண்களும் வாருங்கள்' என்றாலும் நிற்காது. 1976-ல் 42-வது திருத்தத்தில் சேர்த்த அடிப்படைக் கடமைகளிலோ, அழைக்கும்போது நாட்டைக் காக்க வரவேண்டியது ஒவ்வொரு குடிமகன் கடமை என்று இருக்கிறது. ஆண் பெண் பிரிவினை அங்கே இல்லை.

இந்த வாசகம் வரைவில் 17-ஆம் பிரிவாக இருந்தது. அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பர் 3 அன்று விவாதத்துக்கு வந்தது. சபையில் மொத்தம் 15 பெண்கள் இடம்பெற்றார்கள். சென்னை மாகாணத்திலிருந்து போனவர்களில் துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன், அம்மு சுவாமிநாதன் மூன்று பேரும் உண்டு. மூன்றாவது பெயரில்தான் நான் நின்றுவிட்டேன். அம்முவின் மகளுக்கு அப்போது நாடே வைத்திருந்த பெயர் கேப்டன் லட்சுமி. பெண்கள் துப்பாக்கி தூக்கலாமா என்ற கேள்விக்கு ஐந்து வருஷம் முன்பே பதில் சொல்லிவிட்டு வந்திருந்த பெண். அவர் அம்மா உறுப்பினராக இருந்த சபையில்தான் அந்தச் சொல் இல்லாமல் அந்தப் பிரிவு நிறைவேறியது.

லட்சுமி 1914-ல் சென்னையில் பிறந்தவர். மருத்துவம் படித்துவிட்டு 1940-ல் சிங்கப்பூர் போனவர். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் அங்கே வந்து பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்றபோது அதைக் கட்டும் பொறுப்பை ஏற்றார். ஜான்சி ராணி படை. அக்டோபர் 22 அன்று சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் முகாம் திறந்தார்கள். ஆள் கணக்கு சில நூறிலிருந்து ஆயிரம் வரை பலவாறாகச் சொல்லப்படுகிறது. அதில் பெரும்பகுதி மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். ஜான்சியை வரைபடத்தில்கூடப் பார்த்திராதவர்கள். இந்தியாவையே பார்க்காதவர்களும் பலர்.

சும்மா அலங்காரத்துக்கு வைத்த படை இல்லை. காக்கிச் சட்டை, கால்சராய், துப்பாக்கி, துப்பாக்கிமுனைக் கத்தி, நீண்ட நடைப் பயிற்சி எல்லாம் உண்டு. 1944-ல் ஒரு பகுதியினர் பர்மாவில் மேமியோ வரை போனார்கள். இம்பால் தாக்குதல் தோற்றதால் போர்முனைக்குப் போகும் வாய்ப்பு வரவில்லை. காயம்பட்டு வந்தவர்களுக்கு மருந்து கட்டினார்கள், பிறகு பின்வாங்கினார்கள்.

இந்தப் படையில் சேர்வதற்கு வீட்டார் கையெழுத்து வேண்டும். பிற்பாடு படையின் துணைத் தளபதியாகவும், பல வருஷம் கழித்து மலேசிய மேலவை உறுப்பினராகவும் ஆன ஜானகி ஆதி நாகப்பன், அன்றைக்கு வசதியான வீட்டுப் பெண். அப்பா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். லட்சுமியே வீட்டுக்கு வந்து பேசித்தான் அவர் மனசைக் கரைத்தார். சாவதற்குப் போகிறவளுக்கும் அப்பா அனுமதி! சிரிப்பு வந்தாலும், வாசலில் ஒரு கேள்வி கேட்டார்கள் என்பதை நான் மறக்கத் தயாரில்லை. 'உனக்கு இஷ்டமா?' என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார்.

தோட்டத்துப் பெண்ணுக்கு அந்த இஷ்டம் எங்கிருந்து வந்தது? ஆணைவிடக் குறைந்த கூலி. போரில் ரப்பர் ஏற்றுமதி நின்று அதுவும் போயிற்று. அரிசி இல்லை. தோட்டத்து ஆண்களில் பல்லாயிரம் பேரை ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, அதில் போய்த் திரும்பாதவர்கள் ஏராளம். ஆக, அந்தத் தோட்டங்களில் ஆணுக்குக் கட்டாயம், பெண்ணுக்கு விருப்பம் என்ற நிலை. முகாமில் சோறு உண்டு, சீருடை உண்டு, 'ஏய்' என்று கூப்பிடாத ஒரு மரியாதை உண்டு. இதை வைத்து அவர்கள் தேசபக்தியைக் குறைத்துச் சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. பசித்தவளுக்கும் நாட்டுப்பற்று இருக்கலாம். அதே சமயம், முழு விருப்பம் என்று மார்தட்டுவதும் சரியில்லை. நம்மூர்களிலிருந்து பட்டாளத்துக்குப் போன ஆண்களும் இப்படித்தானே போனார்கள்.

அதே போரில் எதிர்ப்பக்கம் என்ன நடந்தது என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். பிரிட்டன் 1941 டிசம்பரில் பெண்களைக் கட்டாயமாக அழைக்கச் சட்டம் போட்டது. 20 முதல் 30 வயது வரை, கல்யாணம் ஆகாதவர்கள், பிள்ளை இல்லாத விதவைகள். துணைப்படையோ, குடிமைப் பாதுகாப்போ, தொழிற்சாலையோ ஏதாவது ஒன்றுக்குப் போயாக வேண்டும். ஆனால் எழுத்தில் சம்மதம் தராத எந்தப் பெண்ணையும் கொல்லும் ஆயுதத்தை இயக்கச் சொல்லக்கூடாது. அந்தச் சட்டம் பெண்ணை இரண்டாகப் பிரித்தது, தாலி கட்டியவள், கட்டாதவள் என்று. கட்டியவள் ஏற்கெனவே ஒருவனுக்குச் சேவை செய்கிறாள், அவளைத் தொடவேண்டாம் என்பதுதான் உள்ளே இருக்கும் கணக்கு. இஸ்ரேலின் 1949 சட்டமும் மணமான பெண்களுக்கும் தாய்மாருக்கும் விலக்குக் கொடுத்தது.

அக்கா அடுப்படியிலிருந்து சொன்ன வாசகம் இதுதான். அது தமிழில் நிஜமாகவே நடந்த இடம் ஒன்று உண்டு: வன்னி.

இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஈழம் என்றாலே இரண்டு பக்கமும் கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தமிழ்ப் பெண்கள் கட்டாயமாகப் படைக்கு இழுக்கப்பட்ட சமீபத்திய சரித்திரம் அங்கேதான் இருக்கிறது, அதைத் தாண்டிக்கொண்டு நார்வேயைப் பற்றிப் பேசுவது நாணயமாகாது.

விடுதலைப் புலிகளின் பெண்கள் அணி விருப்பத்தில் தொடங்கியது. 1985-ல் முதல் அணிக்குப் பயிற்சி நடந்தது நம் திண்டுக்கல் சிறுமலையில். 1987 அக்டோபர் 10 அன்று கோப்பாயில் இந்திய அமைதிப்படையோடு நடந்த சண்டையில் மாலதி இறந்தார், அந்த இயக்கத்தில் களத்தில் இறந்த முதல் பெண் போராளி. சீதனம், சாதி, வீட்டுக் காவல் எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்த பெண்கள் அதில் இருந்தார்கள். இருபது வருஷம் கழித்து, 2006-ல் போர் மறுபடி மூண்ட பிறகு, அதே இயக்கம் 'வீட்டுக்கு ஒருவர்' என்று விதித்தது. ஆணானாலும் பெண்ணானாலும். காகிதத்தில் பார்த்தால் இதைவிடச் சமத்துவமான அழைப்பாணை உலகத்தில் கிடையாது.

சனங்கள் அதற்கு வைத்த பெயர் 'பிள்ளைபிடி'. பிள்ளைகளைப் பதுங்குகுழியில் ஒளித்தார்கள். யாரை அனுப்புவது என்று ஒரு வீட்டுக்குள்ளேயே அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் போனது. மணமானவர்களுக்கு விலக்கு என்று இருந்ததால், பதினாறு பதினேழு வயதுப் பெண்ணுக்கு அவசர அவசரமாகக் கல்யாணம் கட்டினார்கள். முகம் தெரியாத பையனோடுகூட. கல்யாணங்கள் பெருகியதும் அந்த விலக்கும் தேய்ந்தது, புதிதாக மணமானவர்களையும் கொண்டுபோனார்கள். முடிவு நெருங்க நெருங்க வீட்டுக்கு ஒருவர் என்பதும் போய், 14 வயதுப் பிள்ளைகள் வரை பிடித்ததை ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை பதிவு செய்திருக்கிறது. பிடிக்கப்பட்ட பெண்களுக்குக் கூந்தலைக் கட்டையாக வெட்டிவிட்டார்கள், ஓடினால் அடையாளம் தெரிய. தப்பி ராணுவப் பக்கம் போனவளுக்கு அதே வெட்டிய முடி எமனாக நின்றது, 'நீ புலி' என்று.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். படையிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று தந்த விலக்கு, ஒரு சிறுமியைக் கல்யாணத்துக்குள் தள்ளியது. அவள் விரும்பாத இரண்டு காரியங்களில் எது என்பதுதான் மீதி. அந்தத் தேர்வும் அவளுடையது இல்லை, அப்பா அம்மாவுடையது.

அமெரிக்காவில் இந்த வாதம் நாற்பது வருஷத்துக்கு மேலாக ஓடுகிறது. 1980-ல் ஜனாதிபதி கார்ட்டர் ஆண் பெண் இருவரையும் பதிவு செய்யலாம் என்றார், காங்கிரஸ் ஆண்கள் போதும் என்றது. 1981-ல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அதை ஏற்றது. பெண்கள் போர்முனைக்குப் போக அனுமதி இல்லை, அதனால் அழைக்கவும் தேவையில்லை என்பது காரணம். அந்தத் தடை பிற்பாடு நீங்கிவிட்டது, பதிவு மட்டும் ஆண்களுக்கே நிற்கிறது. நார்வே 2015 முதல், சுவீடன் 2017-ல் எடுத்த முடிவின்படி, டென்மார்க் 2025 ஜூலை முதல் பெண்களையும் சேர்த்துவிட்டன. அங்கெல்லாம் பதிவானவர்களில் கொஞ்சம் பேரைத்தான் பொறுக்கி எடுக்கிறார்கள் என்பதால் கட்டாயத்தின் பல் அவ்வளவு கூர்மையாக இல்லை. அந்த உதாரணத்தை எடுத்துக்கொண்டுவந்து இங்கே ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பதிவேடே வேண்டாம் என்பதுதான் முதல் விருப்பம். ஆனால் ஒருநாள் வந்தே தீரும் என்றால் பெண் பெயரும் அதில் இருக்கவேண்டும். பெயர் இல்லாததால் போர் அவளை விட்டுவைத்ததாக மலாயாவிலும் சரி, வன்னியிலும் சரி, நான் எங்கும் படிக்கவில்லை. அதோடு, மணமானவள் மணமாகாதவள் என்ற பிரிவு அந்தப் பதிவேட்டில் எங்கேயும் வரக்கூடாது. கைப்பிள்ளை இருக்கிறதா, படுக்கையில் கிடக்கும் அப்பனைப் பார்க்க ஆள் இருக்கிறதா, இதைக் கேட்கட்டும். ஆணிடமும் கேட்கட்டும். எழுத்தில் சம்மதம் தராமல் ஆயுதம் தொடவேண்டியதில்லை என்ற உரிமையை 1941-ல் பிரிட்டிஷ் பெண்ணுக்குக் கொடுத்தார்களே, அதையும் இருவருக்கும் கொடுக்கட்டும். சமத்துவம் என்று சொல்லிப் பெண்ணை அழைத்துவிட்டு மறுக்கும் உரிமையை இருவரிடமிருந்தும் பிடுங்கினால், வன்னியில் நடந்தது அதுதான்.

'விருப்பப்பட்டு வருகிறவளையே இப்போதுதானே உள்ளே விடுகிறீர்கள்' என்று யாராவது கேட்டால் அதுவும் நியாயம். 1950 ராணுவச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, மத்திய அரசு தனியாக அறிவித்த துறைகள் தவிர மற்றதில் பெண்ணைச் சேர்க்கக்கூடாது என்கிறது. மருத்துவம், செவிலியர் தவிர மற்ற துறைகளில் அதிகாரியாகக் குறுகிய காலப் பணி 1992-ல் வந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றில் நிரந்தரப் பணி 2020 பிப்ரவரி உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு. தேசியப் பாதுகாப்பு அகாடமியின் கதவு 2021-ல் நீதிமன்றம் சொல்லித்தான் திறந்தது, அதன் முதல் 17 பெண்கள் வெளியே வந்தது 2025 மே மாதம்.

ஊருக்குத் திரும்பும் முன்னால் மருமகளிடம் இதில் பாதியைச் சொன்னேன். வன்னிக் கல்யாணங்கள் வரும்போது அக்கா கரண்டியும் கையுமாக வந்து நிலைப்படியில் நின்று கேட்டாள், ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை செல்போனில் எதையோ தேடி என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அக்னிவீர் தகுதி விதிகள். விரலால் ஒரு வரியைப் பெரிதாக்கினாள்: திருமணமாகாதவராக இருக்கவேண்டும், நான்கு வருஷம் முடியும்வரை திருமணம் கூடாது.

"இது ஆம்பளைக்கும் உண்டு மாமா" என்றாள். அப்புறம் அவள் அம்மாவைப் பார்த்து, "நாலு வருஷம், என்னம்மா?"