ஒரு காலில் மட்டும் வீக்கமா? இரத்த உறைவின் அறிகுறிகள்

கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டபின், சாம்பியன் ரீப்ஸ் உள்ளிட்ட பகுதிகளைச் சேர்ந்த தமிழர் பலர் நாள்தோறும் ரயிலில் பெங்களூரு சென்று பணிபுரிகின்றனர். பயணத்திலும் பணியிலும் பல மணி நேரம் அசையாமல் அமர்ந்திருப்பது, கால்களின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். அறுவை சிகிச்சை, பிரசவம், புற்றுநோய் ஆகியவையும் காரணமாகலாம்.

களைப்பினால் வரும் வீக்கம் பெரும்பாலும் இரு கால்களிலும் தோன்றி, ஓய்வில் தணியும். இரத்த உறைவில் பொதுவாக ஒரு காலே வீங்கும். கெண்டைக்காலிலோ தொடையிலோ வலியும் வெப்பமும் இருக்கும். தோல் சிவந்தோ கருத்தோ காணப்படலாம். எண்ணெய் தேய்த்து நீவாமல், அன்றே மருத்துவரை அணுக வேண்டும். டாப்ளர் ஸ்கேன் மூலம் இதை உறுதிசெய்யலாம்.

உறைகட்டி நகர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம் ஆகியவை தோன்றினால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.