புறச்சார்புக் கொள்கை

சொல்லின் அர்த்தமும் எண்ணத்தின் விஷயமும் ஒருவனுடைய உள்ளத்தளவில் முடிந்துவிடுவன அல்ல, அவன் வாழும் உலகையும் பழகும் சமூகத்தையும் சார்ந்தே நிர்ணயம் பெறுகின்றன என்னும் தத்துவக் கோட்பாடு. சால் கிரிப்கி 1970-இல் ஆற்றிய சொற்பொழிவுகளும், ஹிலரி பட்னம் 1975-இலும் டைலர் பர்ஜ் 1979-இலும் வெளியிட்ட கட்டுரைகளும் இதன் மூலாதாரங்கள்.

உதாரணத்துக்கு இரண்டு பர்கூர்கள்: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஜவுளி வியாபாரத்துக்குப் பேர்போன பர்கூர் ஒன்று. செந்நிற மேனியில் வெள்ளைத் திட்டுகள் படர்ந்த மாட்டினத்துக்குப் பெயர் தந்த, ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மற்றொன்று. ஜவுளிக்காரர் வாய்மொழியாக ஒருவனும் மாட்டுத் தரகர் வாய்மொழியாக மற்றொருவனும் அப்பெயரைக் கேட்டு, 'மாநில எல்லையை அடுத்த ஊர்' என்பதற்கு மேல் இருவருமே ஏதும் அறியாதிருப்பினும், அவர்கள் கருதும் ஊர் ஒன்றாகாது. பெயர் வந்த வழியே அதனை நிர்ணயிக்கிறது.

நீரைப் போலவே தோன்றி, அணுவமைப்பில் மட்டும் வேறுபட்ட திரவமுள்ள இன்னொரு பூமியைப் பட்னம் கற்பனை செய்தார். கிருஷ்ணகிரிப் பர்கூர் வட்டாரத்தில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குவாரிகளில் பிளாக்காக அறுத்தெடுக்கப்பட்டு, மெருகேறிக் கல்லறைப் பலகையாகவும் சமையலறை மேடையாகவும் விலைபோகும் 'கறுப்பு கிரானைட்', புவியியலார் கணக்கில் பெரும்பாலும் டோலரைட். குவார்ட்ஸ் மிகுந்த வெளிர்நிறக் கிரானைட்டுக்கு அது நெருங்கிய உறவு அல்ல. சாமானியன் சொல்லின் பொருளை நிபுணரிடம் ஒப்படைத்துவிடுகிறான் என்பது பட்னம் சொன்ன மொழியின் தொழிற்பிரிவினை. ஆனால் இங்கே குவாரி மேஸ்திரியும் நிபுணரே, புவியியலாரும் நிபுணரே. கல் வாங்குகிறவன் எவரிடம் ஒப்படைத்தான்? வியாபார வழக்கில் தனிச் சொல்லே நிலைபெற்றுவிட்டது என்பது என் துணிபு. பட்னத்தின் சித்திரத்தில் இந்தப் பிணக்குக்கு வேண்டிய இடம் இல்லை.

புறப்பொருள் உண்டென்ற நையாயிகரும், அனைத்தும் விஞ்ஞானமே (உணர்வே) என்ற யோகாசார பௌத்தரும் நடத்திய வாதத்தை இதனோடு ஒன்றெனக் கொள்வாருண்டு. அங்கே விவாதப் பொருள் உலகின் இருப்பு. இங்கே அது ஒப்புக்கொள்ளப்பட்ட சங்கதி.

புறச்சார்புக்கு ஒரு வரம்பாக, ஒரே மூளைநிலையுடைய இருவர் ஒரே விதமாகவே நடந்துகொள்வதால், செயலுக்குக் காரணமாகும் 'குறுகிய உள்ளடக்கம்' ஒன்று மனத்துள் இருந்தேயாக வேண்டும் என்று ஜெர்ரி ஃபோடர் 1987-இல் வாதித்தார். 1994-இல் வெளியான நூலில், அது உளவியலுக்கு அவசியமில்லை என்று அவரே விட்டுக்கொடுத்தார்.