பதினான்கு ஆலைகளும் ஒரு தாயத்தும்

இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு தென்னை, ஒரு குடிசை. முப்பத்திரண்டு வருஷம் பள்ளியில் ஓவிய வாத்தியாராக இருந்தேன். கிராமம் வரையச் சொன்னால் பிள்ளைகள் இதைத்தான் வரைவார்கள். மனுஷ வாடையே இருக்காது. பத்துக்கு ஏழு போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுப்பேன்.

ஓய்வு பெற்றபின் பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் போல் செருசியேயின் 'தாலிஸ்மான்' ஓவியத்தின் முன்னால் நின்றபோது அந்தக் குடிசை ஞாபகம் வந்தது. தாலிஸ்மான் என்றால் தாயத்து. 27 செ.மீ. உயரம், 21.5 செ.மீ. அகலம்; சின்ன மரப்பலகை. கிட்டே போனால் மஞ்சள், நீலம், சிவப்புத் திட்டுகள். நாலடி பின்னால் வந்தால் ஊர் கூடிவருகிறது: இடப்பக்கம் மேலே காடு, குறுக்கே பாதை, ஆற்றங்கரையில் வரிசையாக பீச் மரங்கள், வலப்பக்கம் தள்ளி ஒரு கட்டிடம். கீழே எல்லாம் தண்ணீரில் நிழலாடுகிறது. ஆள் ஒருவரும் இல்லை.

1888 அக்டோபர். பிரான்ஸின் மேற்குக் கோடியான பிரிட்டனியில் போன்தாவென் என்ற சிற்றூர். ஊரோரக் காட்டில் இருபத்துமூன்று வயது செருசியேவை உட்காரவைத்துப் பாடம் சொன்னார் ஓவியர் போல் கோகன். மரம் மஞ்சளாகப் பட்டால் மஞ்சளையே வைக்க வேண்டும், நிழலுக்கு அல்ட்ராமரீன், சிவந்த இலைக்கு வெர்மிலியன். கலந்து மங்கவைக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு நான் ஆயுசு பூரா சொல்லிக்கொடுத்ததற்கு நேர்மாறு! பலகை பாரிஸுக்குப் போனதும் கூட்டாளிகள் அசந்துபோனார்கள். தீர்க்கதரிசிகள் என்று பொருள்படும் 'நபி' குழு அதிலிருந்து கிளம்பியது. தாயத்து என்ற பெயரும் அவர்கள் வைத்ததுதான். 1891இல் விமர்சகர் அல்பேர் ஒரியே, ஓவியத்தில் குறியீட்டியத்தின் தலைமகன் கோகனே என்று எழுதினார்.

ஆனால் படத்தில் தெரிகிற மாதிரி போன்தாவென் அப்படியொன்றும் அமைதியான ஊர் அல்ல. பதினான்கு ஆலை, பதினைந்து வீடு என்று அதைப் பற்றி ஒரு சொலவடை உண்டு. ஆவென் ஆறு பாறைகளில் மோதி இறங்கும் வேகத்தில் சக்கரங்கள் சுழன்று மாவு அரைத்தன. ஆலைகளைத் தாண்டினால் துறைமுகம். கடல் ஏற்றம் அதுவரை வரும். 1863இல் ரயில் அந்தப் பக்கம் வந்தது. சில வருஷத்தில் அமெரிக்க ஓவியர்கள் வந்து டேரா போட்டார்கள். கோகன் 1886இல் வந்ததற்குப் பெரிய காரணம், செலவு குறைவு. மரி-ழான் க்ளோவானெக் என்ற அம்மாள் நடத்திய விடுதியில் கடனுக்கும் சாப்பாடு கிடைத்தது. கோகன் பக்கத்து ஊர் நிசோன் தேவாலயத்துக்குத் தன் படம் ஒன்றைத் தானமாகக் கொடுக்கப் போனார். பாதிரியார் வேண்டாம் என்றுவிட்டார். ஓவியர்களுக்கு போன்தாவென் பக்தி ததும்பும் பழைய உலகம். ஊர்க்காரர்களுக்கோ மாவும் வாடகையும் கடன்கணக்கும்.

தாயத்தில் வலப்பக்கம் தள்ளி நிற்கிறதே, அந்தக் கட்டிடமும் ஒரு மாவு ஆலைதான். சக்கரச் சத்தம் காதில் விழ விழத்தான் செருசியே இதை வரைந்திருக்க வேண்டும். பலகையில் சத்தம் ஏறவில்லை.

நானும் அத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையிடமாவது, "இந்தக் குடிசையில யாருடா இருக்காங்க, என்ன வேலை பாக்குறாங்க?" என்று கேட்டதில்லை.